தறி ஓடாத தேர்வுக் காலம்

ஆறாவது செமஸ்டர் தேர்வு நெருங்கியபோது எனக்கு இயற்பியல் மீது ஆசையும் மிச்சமில்லை, கோபமும் மிச்சமில்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது. மூன்று வருடமாக ஒரே கல்லூரிப் பேருந்தில், ஓட்டுநருக்குப் பிடித்த அதே பாட்டுகளைக் கேட்டபடி, திருச்செங்கோட்டுப் பக்கம் போய்வந்த அலுப்பு. ரெக்கார்டு நோட்டில் ஒரு கையெழுத்து வாங்குவதற்காக ஆசிரியர் அறை வாசலில் கால் மாற்றி மாற்றி நின்ற அலுப்பு. வெயில் வேறு. ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே உச்சி வெயில் அடிக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் தோழி, "பரிச்சை முடிஞ்சா ஒரு மாசம் எந்திரிக்காமத் தூங்கோணும்டி" என்பாள். எனக்கு ஒரு மாதம் போதாது போலிருந்தது.

இருந்தாலும் சும்மா விட்டுவிட முடியாத காரணம் ஒன்று இருந்தது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்வதற்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். தேர்வானவர்களில் நானும் இருந்தேன். எங்கள் துறையிலிருந்து அதுவரை யாரும் அங்கே போனதில்லை. நிபந்தனை ஒன்றுதான்: இளநிலைப் படிப்பில் எந்தப் பேப்பரும் பாக்கி இருக்கக் கூடாது. எனக்கு ஒன்று பாக்கி இருந்தது. ஐந்தாவது செமஸ்டரில் மின்னணுவியல் என்னைக் கழுத்தறுத்துவிட்டது. ஆக, கடைசி செமஸ்டர் பேப்பர்களோடு அந்த அரியரையும் எழுதி எல்லாவற்றிலும் தேறினால் சென்னை. ஒன்றில் வழுக்கினாலும் வீடு. வீடு என்றால் தறி.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தைத் தாண்டி, குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டித் தனியாக நிற்கும் வீடு. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. உள்ளே நான்கு விசைத்தறிகள். பகலில் அம்மா ஓட்டுவாள், இரவில் அப்பா. முன்பு ஆள் வைத்து ஓட்டினார்கள். இப்போது தறிக்கு ஆள் பிடிப்பது மாப்பிள்ளை பிடிப்பதைவிடக் கஷ்டம் என்று அப்பா அலுத்துக்கொள்வார். கரண்டு போனால்தான் எங்கள் வீட்டில் சத்தம் நிற்கும். கரண்டு வந்துவிட்டால் யார் எங்கே என்ன செய்துகொண்டிருந்தாலும் எழுந்து பட்டறைக்கு ஓடுவார்கள்.

தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் பட்டறையில் வாழ்கிறவர்கள் வாயைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்தைக் காட்டி, உதட்டை நன்றாக அசைத்துப் பேசினால் போதும். நூல் சுற்றிய தார் தீர்ந்துவிட்டதா, சோறு ஆகிவிட்டதா, யார் வந்துவிட்டுப் போனார்கள், எல்லாம் உதட்டிலேயே நடந்துவிடும். அ, ஆ எழுதப் பழகும் முன்பே நான் அம்மாவின் உதட்டைப் படிக்கப் பழகிவிட்டேன். கல்லூரியில் சேர்ந்த புதிதில் தோழி, "ஏன்டி எப்பப் பாத்தாலும் என்ற வாயவே பாக்கற? பல்லுல ஏதாச்சும் ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். எனக்கு அது ஒரு பழக்கம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

படித்ததும் அந்தச் சத்தத்தில்தான். பத்தாவது, பன்னிரண்டாவது, நுழைவுத் தேர்வு, எல்லாவற்றுக்கும் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படித்தேன். தறி அடிக்க அடிக்கச் சுவர் லேசாக அதிரும். அந்த அதிர்வில் வெளியுலகம் எதுவும் என்னிடம் வராது. இது எனக்கே தெரியாது. சாப்பிடும்போது மூச்சு விடுகிறோம் என்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

மின்னணுவியலில் நான் விழுந்த பிறகு, கல்லூரியில் பெற்றோரை வரச் சொன்னார்கள். அப்பா இரவுத் தறி ஓட்டிவிட்டுத் தூங்காமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துறைத் தலைவி நல்ல மனுஷி. என் மேல் அக்கறை உள்ளவர். "வீட்ல தறி இருக்குதுங்களா? அந்தச் சத்தத்துல ஒரு புள்ள எப்படிங்க படிக்கும்? கடைசி செமஸ்டர்ங்க. சீட்டு வேற கெடச்சிருக்குது. கொஞ்சம் அமைதி பண்ணிக் குடுங்க" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, சரிங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் பட்டறை நடுவில் நின்று, தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, வழக்கம்போல் உதட்டால் மட்டும் சொல்லாமல், வாய்விட்டே சொன்னார்.

"பரிச்சை முடியற வரைக்கும் புள்ள ஊட்டுல இருக்கற நேரம் தறி ஓடாது."

அம்மா வெலவெலத்துப் போனாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் எதுக்குங்க? அவளுக்குச் சத்தம் பழக்கந்தானுங்க. பாவு நூலு குடுத்து நெய்யச் சொன்னவரு துணி கேப்பாருங்களே" என்றாள். "கேட்டா கேக்கட்டும், நான் சொல்லிக்கறேன்" என்றார் அப்பா. அம்மா விடவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை கெஞ்சிப் பார்த்தாள். துணி தாமதமாகும் என்ற கவலை என்றுதான் நினைத்தேன். என் படிப்பைவிட அம்மாவுக்குத் தறி பெரிதாகப் போய்விட்டதா என்று எரிச்சல்கூட வந்தது.

தறி ஓடாத முதல் சாயங்காலத்தை மறக்க முடியாது. மின்னணுவியல் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு வழக்கமான சுவரில் சாய்ந்தேன். சுவர் செத்துப்போயிருந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிரீச் என்றது. அது கிரீச் என்னும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பல்லி கத்தியது. எங்கோ காட்டுக்குள் மோட்டார் ஓடியது. அப்பா என்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தார். அவர் அப்படி நடப்பதைப் பார்ப்பதே பெரிய தொந்தரவாக இருந்தது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால் உண்டு என்பதைத் தாண்டி எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் அப்பாவிடம், "தறிய ஓட்டுங்கப்பா. இது ஒரு மாதிரி இருக்குதுங்க, படிக்கவே முடீல" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாவு குடுத்தவருகிட்டச் சொல்லிப்போட்டேன். உங்க மாமன்கிட்டச் சொல்லிப்போட்டேன். பால்காரர்கிட்டக் கூடச் சொல்லியாச்சு, புள்ளைக்குப் பரிச்சை, தறி நிறுத்தியிருக்குதுன்னு. இப்பப் போயி ஓட்டினா என்னைய என்ன நெனைப்பாங்க?" என்றார். எனக்காக அவர் செய்த பெரிய காரியம் அது. பெருமையாகச் செய்தார். அதை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த அமைதியில்தான் அம்மாவைக் கண்டுகொண்டேன்.

அன்றைக்கு அம்மா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "ஏம்மா, டீ இருக்குதா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். பதில் இல்லை. தறியை நிறுத்திய கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கேட்டேன். அம்மா வெங்காயத்தைத் தள்ளிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அது ஊரைக் கூட்டுகிற மாதிரி விசில் அடித்தது. அம்மா குக்கரையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவி மேலே எழும்புவதைப் பார்த்துவிட்டு, விரலை மடக்கிக்கொண்டாள். அடுத்த ஆவிக்கு அடுத்த விரல். விசிலை அவள் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் போட்டேன். காலி டம்ளர், சிமெண்டுத் தரை, தறி ஓடாத வீடு. மாட்டுக் கொட்டகையில் படுத்திருந்த நாய்கூட எழுந்து குரைத்தது. அம்மா திரும்பவில்லை.

எழுந்து போய்த் தோளைத் தொட்டேன். திரும்பினாள். "கேக்கறதில்லையாம்மா?" என்றேன்.

என் உதட்டைப் பார்த்த அம்மாவின் கண் உடனே பட்டறைக் கதவுக்குப் போனது. அங்கே அப்பா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "மெதுவாப் பேசு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெதுவாகப் பேசினால் என்ன, கத்திப் பேசினால் என்ன, அவளுக்கு எல்லாம் ஒன்றுதானே.

"எப்பத்திலிருந்து?"

"நீ பத்தாவது படிக்கறப்பவே ஒரு காது போயிருச்சு. இன்னொன்னு இந்த ரெண்டு வருசமாத்தான்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. சொல்லிப்போடாத சாமி."

"ஏன்?"

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "தெரிஞ்சா என்னையத் தறியில நிக்க உட மாட்டாரு. காது போனவள எப்படித் தறியில உடறதுன்னு சொல்லுவாரு. நான் நிக்கலீன்னா யாரு நிப்பா? ஆளுக்கு எங்க போவாரு? நீதான் நிக்கோணும்."

ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது, எவ்வளவு சத்தத்தில் எத்தனை காலம் இருந்தால் காது கெடும் என்று முதல் வருடத்திலேயே படித்து மார்க் வாங்கியவள் நான். அந்தப் பாடத்தைச் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் மனப்பாடம் செய்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் எல்லாமே கண் முன்னாலேயே நடந்திருந்தது. போன் அடித்தால் அம்மா எடுக்க மாட்டாள். "கை ஈரமா இருக்குது, நீ பேசு" என்பாள். கல்யாண வீடுகளில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வாயைப் பார்த்தே பேசுகிறவர்கள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பகலில் அவள் நின்றால் இரவில் அப்பா நிற்பார். இருவரும் பார்த்துக்கொள்வதே தறிகளுக்கு நடுவில்தான். தறி ஓடும் வரைக்கும் அம்மா தப்பித்துக்கொண்டிருந்தாள். என் தேர்வு வந்து அதை நிறுத்திவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. ஒன்று தேர்வுக்குப் படிப்பது. இன்னொன்று அம்மாவைக் காவல் காப்பது. தறி ஓடாததால் அப்பாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத அப்பா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாசலில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்புள்ள, தண்ணி கொண்டா" என்று உள்ளே அம்மாவுக்குக் குரல் கொடுப்பார். அம்மா காதில் விழாது. அவர் இரண்டாவது முறை கூப்பிடுவதற்குள் நான் புத்தகத்தைப் போட்டுவிட்டுச் சொம்போடு ஓடுவேன். "நீ எதுக்கு வார? உன்னையவா கூப்பிட்டேன்? போயிப் படி" என்று எரிந்து விழுவார். "காலு மரத்துப் போச்சுங்கப்பா, சும்மா எந்திரிச்சேன்" என்பேன். சற்று நேரத்தில் கொல்லையிலிருந்து சோப்பு கேட்பார். மறுபடி ஓடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்ததில், குவாண்டம் இயக்கவியலில் எந்தச் சமன்பாட்டுக்கு எது விடை என்பது குழம்பிப்போனது. அலையும் துகளும் ஒன்றுதான் என்று புத்தகம் சொன்னது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் படிப்பதற்காக அப்பா ஏற்படுத்திக் கொடுத்த அமைதி, நான் ஒரு பக்கம்கூட நிம்மதியாகப் படிக்க விடவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தேர்வுகளை எப்படி எழுதினேன் என்று கேட்டால், கை எழுதியது என்றுதான் சொல்ல வேண்டும். ஹால் டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, வினாத்தாளைத் திருப்பும் முன் கண்ணை மூடிக்கொள்வேன். மற்றவர்கள் சாமி கும்பிடுவதாக நினைத்திருப்பார்கள். நான் அப்போது, அம்மா தனியாக இருக்கிறாள், அப்பா என்ன கேட்டிருப்பார், அவள் எப்படிச் சமாளித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். பிறகு தேர்வு நேரத்தில் நான் வீட்டில் இல்லை, அதனால் தறி ஓடும், அம்மாவுக்கு ஆபத்தில்லை என்று ஞாபகம் வரும். அப்பாடா என்று எழுத ஆரம்பிப்பேன். என் வாழ்க்கையில் தேர்வு அறை நிம்மதியான இடமாக இருந்தது அந்த ஒரு செமஸ்டரில் மட்டும்தான்.

மின்னணுவியல் கடைசியில் வந்தது. அரியர் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர், எல்லா வருடத்து முகங்களும் கலந்து, பெரிய அறையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்காணிப்புக்கு வந்த ஆசிரியருக்கும் தூக்கம். தெரிந்ததை எழுதினேன். தெரியாததற்குத் தெரிந்த படத்தைப் போட்டு அம்புக்குறி வைத்தேன். கூடுதல் தாளை நூலில் கோத்துக் கட்டும்போது விரல் தானாகத் தறிக்காரர் முடிச்சைப் போட்டது. எழுந்து வெளியே வந்தபோது மகிழ்ச்சியும் இல்லை, பயமும் இல்லை. கல்லூரி வாசலில் கரும்புச் சாறு குடித்துவிட்டு, தோழியின் தோளில் சாய்ந்து பேருந்தில் தூங்கிப்போனேன். என்னை என் ஊர் நிறுத்தத்தில் அவள்தான் உலுக்கி இறக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா நான்கு தறிகளையும் ஒன்றாக ஓட விட்டார். சுவர் அதிர்ந்தது. அம்மாவின் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அந்தச் சத்தத்தில் மறுநாள் வெயில் ஏறும் வரைக்கும் தூங்கினேன்.

காதைப் பார்க்க ஈரோட்டுக்குப் போகலாம் என்று அம்மாவிடம் மன்றாடினேன். அப்பாவுக்குத் தெரியாமல் கூட்டிப்போகிறேன் என்றேன். அம்மா மசியவில்லை. "டாக்டரு தறிப் பக்கமே போகக் கூடாதும்பாரு. அது எனக்கே தெரியும், அதுக்கெதுக்கு டாக்டரு? நீ மொதல்ல சென்னைக்குப் போயிச் சேரு. சேந்த மறு வாரம் நானே உங்கப்பன்கிட்டச் சொல்லிப்போட்டு ஆசுபத்திரிக்குப் போறேன். அப்பறம் தறிய அவரு வித்தாலும் சரி, ஆள் வெச்சு ஓட்டினாலும் சரி" என்றாள். எல்லாவற்றையும் முன்னமே யோசித்து வைத்திருந்தாள். நான் எந்த ஊரில் படிப்பது என்பதைவிட, அம்மா எந்த நாளில் வாயைத் திறப்பாள் என்பதே பெரிய தேர்வாகிப் போனது.

முடிவுகள் வந்தன. எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். மின்னணுவியலிலும் ஒரு வழியாகக் கரை ஏறியிருந்தேன். அப்பா பள்ளிபாளையத்துக்கு ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கிவந்தார். "தறிய நிறுத்தினதுனாலதான் பாஸு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். நான் ஆமாங்கப்பா என்றேன். தோழி வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சேலத்துக்குக் கிளம்பிவிட்டாள். அத்தைமார் பி.எட். படிக்கச் சொன்னார்கள்.

எனக்குச் சென்னைக்குப் போகும் தெம்பு இல்லை. அதுதான் உண்மை. கேட்காத அம்மாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய், யாருக்கோ என்னமோ நிரூபிக்கிற மாதிரி எம்.எஸ்சி. படித்து என்ன ஆகப்போகிறது? போனில்கூடப் பேச முடியாது. எங்கள் கல்லூரியிலேயே எம்.எஸ்சி. இருந்தது. பழைய பேருந்து, பழைய பாட்டு, சாயங்காலம் வீடு. அலுப்பான வழிதான், ஆனால் தெரிந்த வழி. அதையே முடிவு செய்துகொண்டு, ஒரு மதியம் பட்டறைக்குப் போனேன்.

நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பினேன். "நான் சென்னைக்குப் போகலம்மா. இங்கியே நம்ம காலேஜுல சேந்துக்கறேன். உன்னைய உட்டுட்டு என்னால போக முடியாது" என்றேன்.

கடைசி வார்த்தை வரைக்கும் என் உதட்டைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தறிப்பட்டறையில் சண்டையை முடிப்பது மிகவும் சுலபம். முகத்தைத் திருப்பினால் போதும். எதிரில் இருப்பவர் எவ்வளவு நியாயம் பேசினாலும் காற்றோடு போய்விடும். நான் தறியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் வந்தேன். அடுத்த தறிக்குப் போய்விட்டாள். சமையலறையிலும் அதே கதை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். எழுதிக் காட்டினால் தாளைத் தட்டிவிடுவாள். நாள் கணக்கில் இப்படியே போனது. "அம்மாளுக்கும் மகளுக்கும் என்னதான் சண்டை?" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். இருவருமே ஒன்றுமில்லை என்றோம். சென்னையில் சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பட்டறையில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேன். நீ விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்று கத்தினேன். லாரி ஆரன் அடித்தால் உனக்குக் கேட்குமா என்று கத்தினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு அங்கே யாரையும் தெரியாது, எனக்கு அலுத்துப் போச்சு என்று கத்தினேன். தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டை மட்டும் எரிந்தது. அம்மா குறுக்கு நூல் ஓட்டும் மாற்று நாடா ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கை முதுகெல்லாம் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. அந்த முதுகு இத்தனை வருடமாக எதற்கு அங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். நான் இங்கேயே இருந்துவிட்டால் அது நின்றதெல்லாம் வீணாகிவிடும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவ்வளவு கத்தினேன்.

முன்னால் போய் அவள் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இனி எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சின்னப் பிள்ளை மருந்துக்கு வாயை மூடிக்கொள்வது மாதிரி அப்படி ஒரு பிடிவாதம். நான் விடவில்லை. அவளும் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கடைசித் தறியில் தார் தீர்ந்து, தறி தானாக நின்றது. நான்கில் ஒன்று நின்றதை அம்மா காலடித் தரையில் உணர்ந்திருக்க வேண்டும். சட்டென்று கண்ணைத் திறந்தாள். திறந்த கண்ணுக்கு எதிரில் என் வாய் இருந்தது.

"போறேம்மா. சென்னைக்கே போறேன்" என்றேன்.

சொல்லும்போது என் குரல் பாதியில் உடைந்துவிட்டது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. உதடு சரியாகத்தான் சொல்லியிருந்தது. அவள் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, என் கையை விலக்கிக்கொண்டு, தார் மாற்றப் போனாள்.